லாரியில் ஏறியவளுக்கு வளைகாப்பு

நாலு பேரை உட்காரவைத்துக் கதை வாசிப்பது கல்யாணப் பந்தி பரிமாறுவது மாதிரியான தொழில்: சாப்பிட்டவன் உப்பு இல்லை என்பான், சாப்பிடாதவன் இலை போடவில்லை என்பான், பரிமாறியவன் மட்டும் பசியோடு வீட்டுக்குப் போவான். புதுச்சேரியில் ஒரு நாளிதழில் தலை நரைக்கும்வரை செய்தி திருத்திவிட்டு, ஓய்வுபெற்ற கையோடு இந்தத் தொழிலில் இறங்கினேன். மிஷன் வீதிப் பக்கம் நண்பர் ஒருவரின் ஜெராக்ஸ் கடைக்கு மாடி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கூடுவோம். கதை படிப்போம், அந்தக் கதை வழியாகச் சாமி, பாவம், புண்ணியம், மன்னிப்பு என்று எல்லாவற்றையும் பேசுவோம். பிரசங்கம் கிடையாது, பிரசாதமும் கிடையாது. எங்காவது ஒரு மாடியில் இதே மாதிரி வட்டம் நடத்தி அவதிப்படும் சக பாவிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஒரே ஒரு விதி

செய்தியில் இல்லாததைத் தலைப்பில் போடாதே என்பது பத்திரிகை ஆபீசில் நான் கற்ற முதல் பாடம். அதையே கொஞ்சம் மாற்றி இங்கே விதியாக வைத்தேன். உங்கள் சாமியைப் பற்றியோ என் சாமியைப் பற்றியோ பேசக்கூடாது. கதையில் வரும் ஆளின் சாமியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மீறியவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இன்னொரு பழக்கமும் உண்டு. முழுக் கதையையும் யார் கையிலும் கொடுப்பதில்லை. வாரம் ஒரு பகுதி, கீழே ஜெராக்ஸ் எடுத்து, தாளில் சூடு ஆறுவதற்குள் மாடியில் வாசிப்பு. வீட்டிலேயே படித்துவிட்டு வந்து முடிவைப் போட்டு உடைக்கும் மேதாவிகளிடமிருந்து தப்பிக்க வேறு வழி உண்டா? இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

முதல் வாரமே டீ வாங்கியவர் தோழர் கோவிந்தராசு. பஞ்சாலையில் வேலை பார்த்து, சங்கம் நடத்தி, ஆலை மூடியபின் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் ஆட்டோவில் சாமி படம் கிடையாது, எலுமிச்சம்பழம்கூடக் கிடையாது. "கதையில வர்ற சாமியும் இல்ல, வெளியில இருக்கற சாமியும் இல்ல" என்று எழுந்து நின்று அறிவித்தார். அந்த வாக்கியத்தின் இரண்டாவது பாதிக்கு அபராதம் விதித்தேன். மறு வாரமும் வந்தார், மறுபடி டீ. மூன்றாவது வாரம், சாமியே இல்லை என்பவர் இதற்கு ஏன் சவாரியை விட்டுவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டேன். தோழர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இல்லாதவனை இல்லைன்னு சொல்றதுக்காவது யாராச்சும் வாரா வாரம் வரணும்ல சார்."

முதலில் எழுந்தவர் தோற்றவர்

ரீட்டா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். எங்கள் வட்டத்தில் முதலில் சேர்ந்தவள். குமரன் சோப்பு கம்பெனியில் வேலை பார்ப்பவன். கதை கேட்டானோ இல்லையோ, ரீட்டா தாளில் பக்கத்தைத் திருப்பும்போது அவனும் திருப்புவான். ஒரு நாள் எல்லோரும் போனபின் இருவரும் என்னிடம் வந்து நின்றார்கள். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் அரைமனதாகத் தலையாட்டிவிட்டார்களாம். எங்கே வைத்து என்பதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. மாதா கோயிலில் இல்லையென்றால் கல்யாணமே இல்லை என்கிறார் ரீட்டாவின் அம்மா. வீராம்பட்டினத்து அம்மன் சந்நிதியில் தாலி ஏறாவிட்டால் அது தாலியே இல்லை என்கிறார் குமரனின் அம்மா. இரண்டு அம்மாக்களும் பேச்சை நிறுத்தி மாசக்கணக்காகிறது. இதற்கிடையில் ரீட்டாவின் பெரியம்மா பிரான்சிலிருந்து ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார். விடுமுறைக்கு அவன் வந்து இறங்கினால் கதை முடிந்தது. "அவங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சாப் போதும் சார்" என்றாள் ரீட்டா. போப்பாண்டவரையும் சங்கராச்சாரியாரையும் உட்கார வைப்பது சுலபமாக இருந்திருக்கும்.

ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரை அழைத்து வந்தார்கள். அஞ்சலையம்மாள் பெரிய மார்க்கெட்டில் பூ விற்பவர். சாமி கதை படிக்கிறார்கள் என்று சொல்லி மகன் கூட்டி வந்தான். பிலோமினா மதாம், மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த வீட்டு மருமகள். நல்ல இலக்கியம் என்று சொல்லி மகள் கூட்டி வந்தாள். மாடிப்படி ஏறி வந்துதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிலோமினா மதாம் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு மேற்கு மூலையில் உட்கார்ந்தார். அஞ்சலையம்மாள் நாற்காலியைக் கிழக்கு மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மொதல்ல எந்திரிச்சிப் போறவங்க தோத்தவங்க. நீங்க படிங்க சார், எனக்குப் பூவெல்லாம் வித்துப்போச்சி."

படம் மாட்டாத வண்டி

நான் எடுத்திருந்த கதை எப்போதோ ஒரு சின்னப் பத்திரிகையில் தொடராக வந்தது. எழுதியவர் பெயர்கூடப் போடவில்லை. லாரி ஓட்டும் ஒருவன். மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த அன்று வண்டியிலிருந்த சாமி படங்களையெல்லாம் கழற்றி வீசியவன். உச்சி வெயிலில், டோல்கேட் தாண்டி, ஒரு கர்ப்பிணி கை காட்டுகிறாள். பை இல்லை, காலில் செருப்பில்லை. எங்கே போகணும் என்றால் "போற வரைக்கும்" என்கிறாள். முன்னால் போன வண்டி ஒன்றும் நிற்கவில்லை. இவன் நிறுத்துகிறான். முதல் பகுதி அவ்வளவுதான்.

"அம்மன்தான். ஆடி மாசத்துல அவ அப்பிடித்தான் வருவா" என்றார் அஞ்சலையம்மாள். "மாதா. நெறமாசமா நின்னவங்களுக்கு இடமில்லைன்னு ஊரே கதவைச் சாத்தலையா?" என்றார் பிலோமினா மதாம். "மாதா கழுதையில போனாங்க, லாரியில இல்ல." "அம்மன் மட்டும் டோல்கேட்ல பாஸ் வெச்சிருக்காளாமா?" இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னைப் பார்த்தே சண்டை போட்டார்கள்; நடுவில் நான் தபால்பெட்டி. புருஷன் அடித்துத் துரத்திய பெண், இதில் சாமி எங்கே வந்தது என்றார் தோழர். அத்தர் கடை வைத்திருக்கும் பஷீர் பாய் மட்டும் வேறொரு கவலையில் இருந்தார். "யாரா இருந்தா என்னங்க? விருந்தாளி. பேரு, ஊரு கேக்கறதுக்கு முன்னாடி தண்ணி குடுக்கணும். அந்த டிரைவர் இன்னும் தண்ணி குடுக்கலையே!"

அவர்களைப் பேச்சுக்குள் இழுக்க ஒரு கேள்வி போட்டேன். சாமியாகவே இருக்கட்டும், எத்தனையோ பக்தர்கள் வண்டி போகிற ரோட்டில், படத்தைக் கழற்றி எறிந்தவன் வண்டியில் ஏன் ஏற வேண்டும்? மதாம் யோசித்தார். தோழர் ஏனோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அஞ்சலையம்மாளுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை: "படம் மாட்டின வண்டியிலதான் அவ ஏற்கெனவே உக்காந்திருக்காளே சார், மாட்டாத வண்டிக்குத்தான் நேர்ல வரணும்."

சுறாப்புட்டும் ரம் கேக்கும்

வட்டம் நடத்துகிறவனுக்கு லஞ்சம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் இன்னும் சீக்கிரம் ஓய்வு பெற்றிருப்பேன். மூன்றாவது பகுதி முடிந்த மறுநாள் காலை அஞ்சலையம்மாள் தூக்கில் சுறாப்புட்டோடு என் வீட்டு வாசலில் நின்றார். "சும்மாதான் சார், இந்தப் பக்கம் வந்தேன்." புட்டைச் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மெல்லக் கேட்டார்: அந்த டிரைவர் அவளைப் பாதி வழியில் இறக்கிவிட மாட்டானே? அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாராம். யாருக்காக என்றேன். "அந்தப் பொண்ணுக்குத்தான் சார், வேற யாருக்கு?" கதையில் வருகிற பெண்ணுக்கு!

அன்று மாலையே பிலோமினா மதாம், ரம் ஊற்றிய கேக்கோடு வந்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறக்குமா என்பது அவர் கேள்வி. முடிவு என் மேஜை டிராயரில் இருக்கிறது என்று இருவரும் நம்பினார்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: முடிவே கிடையாது. அந்தப் பத்திரிகை பாதியில் நின்றுபோனது. கதையும் அதோடு நின்றது. முடிந்த கதையைக் கொடுத்தால் "கருத்து நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். ரகசியம் காப்பது பத்திரிகைக்காரனுக்குப் பழக்கம்தான். இல்லாத ரகசியத்தைக் கேக்கு தின்றுகொண்டே காப்பாற்றுவது வேறு வித்தை. பேச்சை மாற்ற, கற்பனைப் பெண்ணுக்கு மெழுகுவத்தி ஏற்றினால் மாதா ஏற்றுக்கொள்வாரா என்று மதாமைச் சீண்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை; பிரெஞ்சுப் பழக்கத்தில் என்னை ஐயா என்பதற்குப் பதில் முசே என்பார். "ஏத்துக்குவாங்க முசே. வெளியில அவ பேரைச் சொல்லி உள்ள யாரு பேரைச் சொல்றோம்னு அவங்களுக்குத் தெரியாதா?"

ஏழாம் மாதம்

நாலாவது பகுதியில் அந்தப் பெண் வாயைத் திறந்து, தனக்கு ஏழாம் மாதம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டாள். எழுதியவர் இதை யோசித்து எழுதினாரா, போகிறபோக்கில் எழுதினாரா, தெரியாது. அடுத்த சனிக்கிழமை மாடியில் புளி மணம். அஞ்சலையம்மாள் புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், ஒரு டஜன் பச்சை வளையல், சந்தனக் கிண்ணம் சகிதம் உட்கார்ந்திருந்தார். "ஏழாம் மாசம், தாய் வீடு எங்க இருக்குன்னே தெரியல, யாரு வளையல் போடுவா?" அவர் சொல்லி முடிப்பதற்குள் பிலோமினா மதாம் படியேறி வந்தார். அவர் கையில் சர்க்கரைப் பொங்கல். அவர் பையிலும் வளையல். சொல்லிவைத்து வரவில்லை. சொல்லிவைக்கத்தான் பேச்சுவார்த்தையே இல்லையே! "நீங்களும் போடுவீங்களா?" என்றார் அஞ்சலையம்மாள். பல மாசங்களுக்குப் பின் மதாமைப் பார்த்து நேராகக் கேட்ட முதல் கேள்வி. "போடாம? ஜெபம் சொல்லிட்டுப் போடுவோம்." "நாங்க வெளக்கேத்திட்டுப் போடுவோம்."

ஆனால் யாருக்குப் போடுவது? ஜெராக்ஸ் தாளுக்குக் கை கிடையாது. காலி நாற்காலியின் கைப்பிடிக்குப் போடலாம் என்று குமரன் சொல்லி, இரண்டு அம்மாக்களிடமும் ஒரே நேரத்தில் திட்டு வாங்கினான். இது மூடநம்பிக்கையின் உச்சம் என்றார் தோழர், புளிசாதத்தை எட்டிப் பார்த்தபடி. அப்போது பஷீர் பாய் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டு மருமவளுக்கும் ஏழாம் மாசந்தாங்க. அவங்கம்மா வெளிநாட்டுல இருக்காங்க. புள்ளை வாயத் தொறந்து சொல்லல, ஆனா மூஞ்சி வாடித்தான் கெடக்குது." அடுத்த நிமிஷம் சாதம், சந்தனம், வளையல், அம்மாக்கள் எல்லாம் தோழரின் ஆட்டோவில். பின்சீட்டில் பொங்கல் பாத்திரத்தை யார் மடியில் வைப்பது என்று ஒரு சண்டை. பாய் வீட்டில் அந்தப் பெண் முதலில் மிரண்டாள். பிறகு இரண்டு கையும் நிறைய வளையலோடு அழுதுகொண்டே சிரித்தாள். வெளியே ஆட்டோவில் சாய்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த தோழர் என்னிடம் சொன்னார்: "கதையில வந்தவளுக்கு வெச்ச விசேஷத்துல நெஜ சோறு கெடைக்குது சார், இதை எந்த மாநாட்டுல போயி நான் விளக்குவேன்?"

பிரான்ஸ் மாப்பிள்ளை

வளைகாப்போடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன். வளையல் வேறு, தாலி வேறு. ஆட்டோவில் தோளோடு தோள் உரசி வந்தவர்கள் மறு வாரம் பழையபடி கிழக்கும் மேற்குமாக உட்கார்ந்தார்கள். மதாமுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு பையன். மிஷேல். பாரிஸ் பக்கம் வேலை, நல்ல சம்பளம், நல்ல பழக்கம். வந்ததும் எல்லோருக்கும் கை கொடுத்தான், எனக்கு இரண்டு தரம். தன் வருங்கால மருமகன் எவ்வளவு பண்பானவன் என்று எதிர்மூலைக்குக் காட்டவே மதாம் அவனை அழைத்து வந்திருந்தார். ரீட்டா தரையைப் பார்த்தபடி இருந்தாள். குமரன் அன்று ஒரு பக்கமும் திருப்பவில்லை.

மிஷேலுக்குத் தமிழ் பேசவரும், படிக்கவராது. அதனால் இதுவரை நடந்ததை அவனுக்கு எல்லோரும் சேர்ந்து சொன்னோம். அஞ்சலையம்மாள்கூட, எதிரிப் படை என்பதை மறந்து, அந்த வெயிலையும் செருப்பில்லாத காலையும் கண்முன் நிறுத்தினார். அவன் கவனமாகக் கேட்டான். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டான்: "ஆனா சரக்கு லாரியில ஆள் ஏத்தினா இன்சூரன்ஸ் செல்லாதே? அவர் ஏன் போலீசுக்குப் போன் பண்ணிட்டுப் போகல?" தப்பாக ஒன்றும் சொல்லவில்லை; சட்டப்படி மிகச் சரி. ஆனால் அறையில் ஒரு குளிர் பரவியது. பாய் தாடியைத் தடவினார். மதாம் கைப்பையின் பித்தானைத் திறந்தார், மூடினார், திறந்தார். அன்று படி இறங்கும்போது என்னை ஓரமாக நிறுத்தினார். "வெயில்ல நிக்கிறவளைப் பார்த்ததும் இவனுக்கு இன்சூரன்ஸ் ஞாபகம் வருது முசே. நாளைக்கு எம்பொண்ணு எங்கியாச்சும் நடுவழியில நின்னா, இவன் வண்டிய நிறுத்துவானா, பேப்பரை எடுத்துப் பாப்பானா?"

ரயில்வே கேட்

மாப்பிள்ளை திரும்பிப் போனான். மதாமின் பிடிவாதம் மட்டும் போகவில்லை. அவன் இல்லை, சரி. ஆனால் கல்யாணம் என்றால் மாதா கோயில்தான். அந்த நிலையில் நான் கடைசிப் பகுதியை வாசிக்க வேண்டியிருந்தது. அவளுக்குக் குறைமாதத்திலேயே வலி எடுத்துவிடுகிறது. முன்னால் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது. டிரைவர் ஹாரனை அழுத்துகிறான். 'தொடரும்' என்று வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்தது எங்கே என்றார்கள். இல்லை என்றேன். என் தொழில் வாழ்க்கையில் மந்திரிகளின் படத்தை மாற்றிப் போட்டிருக்கிறேன், உயிரோடு இருந்தவருக்கு இரங்கல் எழுதியிருக்கிறேன். அன்று வாங்கியது போலத் திட்டு வாங்கியதில்லை. "பாதி வலியில போட்டுட்டுப் போனானா? அவன் வூடு எங்க, சொல்லுங்க" என்று அஞ்சலையம்மாள் எழுந்தார். "நானும் வரேன்" என்று மதாமும் எழுந்தார்.

எழுதியவர் இல்லையென்றால் நாமே முடித்துவிடலாம் என்றார் பாய். சரி, டிரைவர் அவளை எங்கே கொண்டுபோவான்? கேட்டுக்கு இடப்பக்கம் அம்மன் கோயில் மண்டபம் இருக்கும் என்றார் அஞ்சலையம்மாள். வலப்பக்கம் மாதா கோயில், கன்னியர் மடம் என்றார் மதாம். மண்டபத்தில் காற்று வரும். மடத்தில் மருந்து இருக்கும். அந்த மண்டபத்தில் ஆயிரம் பிள்ளை பிறந்திருக்கிறது. எங்கள் மடத்தில் பிறந்தது மட்டும் குறைவா? குரல் ஏறியது. சண்டை லாரியைப் பற்றி இல்லை என்பது கீழே ஜெராக்ஸ் எடுப்பவருக்கே தெரிந்திருக்கும். அப்போதுதான் ரீட்டா எழுந்தாள். அத்தனை வாரத்தில் அவள் கதையைப் பற்றி வாயே திறந்ததில்லை. "வலி வந்தவளை நடுரோட்டுல நிறுத்தி வெச்சிட்டு எடப்பக்கமா வலப்பக்கமான்னு சண்டை போடறீங்களே. அவளைப் பத்தி உங்க ரெண்டு பேருல யாருக்காச்சும் கவலை இருக்குதா?" குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டாள். குமரன் அவள் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினான்.

முதலில் பேசியவர் பிலோமினா மதாம். "லாரியிலேயே பொறக்கட்டும்." அஞ்சலையம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "வெந்நீர்?" "கேட் பக்கம் டீக்கடை இருக்கும்." "அப்ப நான் வெந்நீர் கொண்டாறேன், நீங்க தலையப் பிடிச்சிக்கங்க. டே டிரைவரு, நீ எறங்கி வெளியில நில்லு." "துணி?" "எம்பொடவை இருக்குது." இருவரும் நாற்காலியை அறை நடுவுக்கு இழுத்துப் போட்டு, இல்லாத பிள்ளையை இருக்கிற பதற்றத்தோடு பிறக்கவைத்தார்கள். பாய் கண்ணை மூடி முணுமுணுத்தார். பெண் குழந்தை என்று ஏகமனதாக முடிவானதும் கைதட்டினோம்; தோழர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார்: "பேரு வெக்கிறது மட்டும் எங்க சங்கத்துப் பொறுப்பு, சொல்லிட்டேன்."

சாட்சிக் கையெழுத்து

டீ வந்தபோது அஞ்சலையம்மாள் கிளாசை மதாமிடம் நீட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "புள்ளையே லாரியில பொறக்கலாம்னா, கல்யாணம் எங்க நடந்தா இன்னா." மதாம் டீயை ஊதிக் குடித்துவிட்டு, "உங்க எடமும் வேணாம், எங்க எடமும் வேணாம்" என்றார். பதிவுக் கல்யாணத்துக்கு நோட்டீஸ் ஒட்டி, காத்திருந்து, ஒரு நல்ல நாளில் — அதில் இருவருக்கும் சண்டை வரவில்லை, பஞ்சாங்கத்தை மதாமே பார்த்தார் — பதிவு அலுவலகத்தில் கூடினோம். அஞ்சலையம்மாள் கட்டிய மாலை, மதாம் வாங்கிய மோதிரம், பாய் அடித்த அத்தர். தோழர் புதுச் சட்டை போட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் முதல் ஆளாக நின்றார்.

சாட்சிகளை வரிசையாக நிறுத்திய குமாஸ்தா, ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்களையும் பார்த்து, நீங்கள் இருவரும் யார், அக்கா தங்கச்சியா என்று கேட்டார். ஒருவர் நெற்றியில் குங்குமம், ஒருவர் கழுத்தில் சிலுவை, குமாஸ்தாவுக்கு அவசரம். பதில் சொன்னவர் பிலோமினா மதாம்: "சம்மந்தின்றது இன்னியிலேருந்துதான் முசே, அதுக்கு முன்னாடியே நாங்க ரெண்டு பேரும் ஒரு பிரசவம் பார்த்தவங்க."

இரண்டு மதங்களை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைக்க முடியுமா என்று என்னைக் கேட்டால் தெரியாது என்பேன். ஆனால் இரண்டு அம்மாக்களை ஒரே கதாசிரியர்மேல் கோபப்பட வைத்துவிட்டால் மீதியைச் சாமிகளே பார்த்துக்கொள்கிறார்கள்.